கிளாஸில படம் ஒட்ட எது நல்லம்: வாட்டர் ஸ்லைட்டா, யூவி டிடிஎஃப்பா, வினைலா?

கிளிநொச்சிப் பக்கம் கலியாணம், சாமத்திய வீடு எண்டால் பேரும் படமும் போட்ட கிளாஸ், கப் கேட்டு ஓடர் வருகுது, வீட்டில இருந்து சின்னனாத் தொடங்க நினைக்கிற பிள்ளையள் எதை வாங்கிறது எண்டு கேக்கினம், நான் மூண்டும் செய்து பாத்தனான், அதால சொல்லுறன்.

வாட்டர் ஸ்லைட் எண்டால் டெக்கால் பேப்பரில, அதாவது நனைச்சால் படம் மெல்லிய தோல் மாதிரிக் கழண்டு வாற தாளில, பிறிண்ட் எடுத்து தண்ணியில ஒரு நிமிசமளவு ஊற வைச்சு வழுக்கி எடுத்து ஒட்டுறது. மெல்லிசு எண்டபடியா வளைவுகளில நல்லாப் படியும், எனக்கு இதுதான் பிடிச்ச வேலை. ஆனா இங்க்ஜெட் பிறிண்டர் எண்டால் மேல அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே ரெண்டு மூண்டு தரம் மெல்லிசா அடிச்சுக் காய விடோணும், இல்லாட்டி தண்ணியில போட்ட உடன கலர் கரைஞ்சிடும், லேசர் பிறிண்டுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. இன்னொண்டு, வீட்டுப் பிறிண்டர் வெள்ளை நிறம் அடிக்காது. கிளியர் பேப்பரில முகம் அடிச்சு கண்ணாடிக் கிளாஸில ஒட்டினால் வெளிறிப் போய்த்தான் தெரியும், தேத்தண்ணியை ஊத்தினால் அதுவும் தெரியாது. கண்ணாடிக்கு வெள்ளைப் பேப்பர் எடுத்து ஓரத்தை வடிவா வெட்டி ஒட்டுங்கோ.

எங்கட கிணத்துத் தண்ணிதான் பெரிய பிரச்சினை. கேத்திலுக்க வெள்ளையாப் படியுதெல்லோ, அதே படிவு டெக்காலுக்குக் கீழயும் நிண்டு காஞ்சாப்பிறகு புகார் மாதிரித் தெரியும். ஒரு கலியாணத்துக்கு முதல்நாள் 12 கிளாஸை நான் அப்பிடிப் பழுதாக்கி இரவிரவாத் திருப்பிச் செய்தனான். மழைத்தண்ணி இல்லாட்டி ஆர்ஓ மெசினில வடிகட்டின தண்ணி பாவியுங்கோ. மாரியில காயிறதுக்கும் கனநேரம் எடுக்கும், அவசரப்பட்டு மேல ஸ்பிரே அடிச்சால் ஈரம் உள்ளுக்க நிண்டு கொப்பளிக்கும்.

யூவி டிடிஎஃப் எண்டால் யூவி வெளிச்சத்தில காயிற மையால பிலிமில அடிச்சு வாற ஸ்டிக்கர், அதுக்குத் தண்ணியும் வேண்டாம் சூடும் வேண்டாம், வெள்ளை மையும் சேத்து அடிச்சு வாறபடியா கண்ணாடியில கலர் நல்லா எடுபடும். நேரான கிளாஸுக்கு இதை வெல்ல ஒண்டுமில்லை. ஆனா வாய் அகலிச்சு அடி ஒடுங்கின தேத்தண்ணிக் கிளாஸில சுத்தி ஒட்டினால் சுருங்கும், ஒருக்கா தொட்டால் பிறகு அசைக்கேலாது. தேங்காயெண்ணெய் பட்ட கையால கிளாஸைப் பிடிச்சிட்டு ஒட்டாதேங்கோ, முதல் அல்ககோல் போட்டுத் துடைச்சு, ஒட்டினாப்பிறகு 24 மணித்தியாலம் தண்ணி காட்டாமல் வையுங்கோ. பொச்சால தேய்ச்சுக் கழுவினால் ஓரம் கிளம்பும்.

வினைல் எண்டால் கலர் பிளாஸ்ரிக் ஸ்டிக்கர் தாளில எழுத்தை வெட்டி ஒட்டுறது, ஒரு கலர் எழுத்துக்கு நல்லது, மலிவு. கடைக் கண்ணாடி, ரைல்ஸ் எண்டால் யோசிக்காமல் வினைல்தான்.

இதில எதுவும் சூளையில சுட்டது மாதிரி நிக்காது. மாத்தளையில செய்யிற நொறிடாக்கே, தங்கொட்டுவைப் பீங்கானில இருக்கிற பூ இத்தனை வருசம் கழுவியும் அழியாமல் இருக்கிறது அதை 800 பாகை அளவில சுட்டு எடுக்கிறதாலதான், எங்களிட்டச் சூளை இல்லை, அதை வாங்கிறவைக்கு முதலே சொல்லிப்போட்டுக் குடுங்கோ. வாய் வைக்கிற விளிம்பில இருந்து 20 மில்லிமீற்றர் விட்டுக் கீழதான் எதையும் ஒட்டோணும், இந்த மையும் பசையும் வாய்க்குள்ள போகக்கூடாது.

இங்க கிளாஸை விட நான் கூடச் செய்யிறது இல்லாமப் போன பிள்ளையளின்ர படத்தை வெள்ளை ரைல்ஸில போட்டுக் குடுக்கிறதுதான். அதுக்கு வாட்டர் ஸ்லைட்தான், ரைல்ஸே வெள்ளை எண்டபடியா கிளியர் பேப்பர் காணும், ஓரமும் தெரியாது, முகம் அதிலயே வரைஞ்ச மாதிரி இருக்கும். இதுக்கு லேசர் பிறிண்ட்தான் எடுப்பன், இங்க்ஜெட் மை வெயிலில வெளிறும். குடுக்கேக்க அம்மாமாருக்குச் சொல்லுறது ஒண்டுதான், யன்னல் வெயில் படாமல் வையுங்கோ, விளக்கைக் கொஞ்சம் தள்ளி ஏத்துங்கோ அம்மா.