முதலாவது வண்டியும் இரண்டாவது வண்டியும்

சித்தப்பாவைப் புடையன் கடித்தபோது பின்நேரம் ஆறரை மணி இருக்கும். காலபோக அறுவடை முடிந்து, குவித்து வைத்த நெல்லைப் படங்கால் மூடிவிட்டு, கையில் ரோர்ச் இல்லாமல் வரம்பால் வந்துகொண்டிருந்தவரின் வலது கணுக்காலுக்கு மேலே பாம்பு கொத்தியிருந்தது. நான் கனடாவிலிருந்து வந்து அன்று ஐந்தாவது நாள். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியிலுள்ள ஊர் அது. பிரதான வீதியிலிருந்து கிரவல் பாதையில் நான்கு கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். அன்றிரவும் மறுநாளும் நான் கண்டவற்றை, வயது போன தாய் தகப்பனை ஊரில் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதல் கால்மணி நேரத்தை நாங்களே வீணாக்கினோம். சித்தப்பாவின் மகன் பொல்லை எடுத்துக்கொண்டு பாம்பைத் தேடிப் போனான். சின்னம்மா சாரத்தைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டிவிட்டு, பக்கத்து ஊர் விசகடிப் பரியாரியிடம் கொண்டுபோக ஓட்டோ பிடிக்கச் சொன்னார். நானோ பழக்கதோஷத்தில் 911 ஐ அழுத்திவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் தரம் பத்தில் படிக்கும் பிள்ளைதான், "மாமா, 1990 க்கு அடியுங்கோ" என்று சொன்னாள்.

1990 சுவசெரிய என்பது இலங்கையின் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அது, 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கு விரிந்தது. நான் ஊரை விட்டுப் போன காலத்தில் இப்படி ஒரு எண் இருக்கவில்லை. யாருக்கேனும் ஏதேனும் நேர்ந்தால் உழவு இயந்திரமோ, கடைக்காரரின் வானோ, யாருடைய வாகனம் கிடைத்ததோ அதுதான் அம்புலன்ஸ். தீவின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் அழைப்பு கொழும்பை அடுத்த இராஜகிரியவிலுள்ள நிலையத்துக்குத்தான் போகிறது என்பதால் தமிழில் பேச ஆள் இருக்குமோ என்ற ஐயம் எனக்கிருந்தது. இருந்தது. எடுத்த பெண் நிதானமாக, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, கடித்து எவ்வளவு நேரம், கட்டுப் போட்டிருக்கிறதா என்று ஒழுங்காகக் கேட்டார். அதெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் சென்றது.

வன்னியில் புளியங்குளம் என்ற பெயரில் எத்தனை ஊர்கள், புதுக்குளம் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் என்பதை அங்கேயே பிறந்தவர்களும் எண்ணிச் சொல்லமாட்டார்கள். குளத்தை வைத்து ஊருக்குப் பெயரிட்ட நிலத்தில் ஒரே பெயர் பல இடங்களில் வருவது இயல்புதான். எங்கள் ஊரின் பெயருக்கும் வவுனியா மாவட்டத்தில் ஓர் இரட்டை உண்டு. ஊர், மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு என்று சொல்லி முடித்த பிறகும் வீடு மிஞ்சி நின்றது. வீட்டுக்கு இலக்கம் உண்டு, ஆனால் அது மின்சாரப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வாசலிலோ ஒழுங்கையிலோ எங்கும் எழுதப்படவில்லை. நான் "பிள்ளையார் கோயிலடியால் திரும்பி" என்று தொடங்க, சின்னம்மா "பழைய பிள்ளையார் இல்லை, புதுப் பிள்ளையார்" என்று திருத்தினார். சேவைக்கு ஒரு கைத்தொலைபேசிச் செயலி இருக்கிறது, அதனூடாக அழைத்தால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும் என்பதை மறுநாள்தான் அறிந்தேன். எங்கள் வீட்டில் ஐந்து பேரிடம் அவ்வகைத் தொலைபேசிகள் இருந்தன; ஒன்றிலும் அது இருக்கவில்லை.

நான் வசிப்பது ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு நாட்டுப்புறக் கவுன்ரி. அங்கே சோளக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கும், வீதியில் வாகன வாசலருகே, இரவில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் இலக்கப் பலகை ஒன்று நட்டிருப்பார்கள். பல ஆண்டுகளாக அதைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன். அது தபால்காரருக்காக என்றே எண்ணியிருந்தேன்.

வண்டி, அழைத்து இருபத்தெட்டாவது நிமிடத்தில் வந்தது. கிரவல் பாதையையும் இருட்டையும் நினைத்தால் அது விரைவுதான் என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. இந்தச் சேவையின் வண்டிகளைப் பொலிஸ் நிலையங்களை அண்டி நிறுத்தி வைக்கும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே உண்டு. எங்களுக்கு வந்ததும் அப்படி நின்ற ஒன்றுதான். சாரதியும் ஒரு மருத்துவ உதவியாளருமாக இருவர் வந்தார்கள். உதவியாளர் சின்னம்மா கட்டிய துணிக்குக் கீழே நாடி பார்த்து, அதை மெல்லத் தளர்த்தி, காலை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, சித்தப்பாவை ஓர் அடிகூட நடக்க விடாமல் தூக்கிப் படுக்கையில் ஏற்றினார். பாம்பைத் தேடிப் போன தம்பி அதை அடித்துவிட்டுத் தொலைபேசியில் படமும் எடுத்து வந்திருந்தான். அவன் போனதை நான் திட்டியிருந்தேன். உதவியாளரோ அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, முன்கூட்டியே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் அறிவித்தார். இருந்தாலும் இருட்டில் பாம்பின் பின்னால் போவதை நான் இன்னும் ஏற்கமாட்டேன்.

முதலாவது வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்த மருத்துவத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்த்தார்கள், உறையவில்லை. நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று இரவுக் கடமையிலிருந்த இளம் வைத்தியர் எங்களுக்கு விளக்கினார். இந்தியாவில் தயாராகும் முறிவு மருந்து நாகம், புடையன் உள்ளிட்ட நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சுக்கே பயன்படும். அதைச் செலுத்தும்போது உடல் ஒவ்வாமல் ஆபத்து நேரலாம் என்பதால் வைத்தியரும் தாதியும் பக்கத்தில் நிற்க வேண்டும். இருவரும் நின்றார்கள். விடியும்போது இரத்தம் உறையத் தொடங்கியிருந்தது, ஆனால் சிறுநீர் வெகுவாகக் குறைந்திருந்தது. புடையன் கடியில் சிறுநீரகம் பாதிக்கப்படுவது வழமை என்றும், இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படக்கூடும் என்பதால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதாகவும் காலை எட்டு மணிக்குச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது வண்டி புறப்பட்டபோது மணி பதினொன்று நாற்பது.

இடையில் என்ன நடந்தது என்பதை ஓரளவுக்கே என்னால் பொறுக்கி எடுக்க முடிந்தது. வைத்தியசாலைக்குச் சொந்தமான வண்டிகள் இரண்டு. ஒன்று அதிகாலையில் பிள்ளைப்பேற்றுச் சிக்கலோடு ஒரு தாயை ஏற்றிப் போய் இன்னும் திரும்பவில்லை. மற்றது முற்றத்தில் நின்றது, அதன் சாரதி இரவு முழுவதும் ஓடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு சாரதியைத் தேடித் தொலைபேசி எடுத்தார்கள். சாரதி வந்த பிறகு, கூடப் போக வேண்டிய தாதி விடுதியிலிருந்து விடுபட வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர் போனால் அந்த விடுதியில் ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார். யாழ்ப்பாணத்தில் இடம் இருக்கிறதா என்பதை வைத்தியருக்கு வைத்தியர் தனிப்பட்ட கைத்தொலைபேசியில் பேசித்தான் உறுதிப்படுத்தினார்கள். இவை ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஒன்று முடியும்வரை அடுத்தது தொடங்கவில்லை.

எனக்குப் பொறுமை போனது பத்து மணிக்கு. தேநீர் குடிக்க வெளியே வந்தபோது, முதல் நாள் இரவு எங்களை ஏற்றி வந்த அதே 1990 வண்டி பொலிஸ் நிலையத்தருகே சும்மா நிற்பதைக் கண்டேன். உள்ளே ஓடிப்போய் அதை அழைக்கக் கூடாதா என்று கேட்டேன். அந்தச் சேவை பொதுவாக வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதற்கே. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாற்றுவது அதன் வேலை இல்லை என்றார்கள். கோபத்தில் சட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். இளம் வைத்தியர் கோபிக்கவில்லை. "ஐயா, யாழ்ப்பாணம் போக நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்த வண்டி போய்த் திரும்ப அரை நாள். அதற்குள் உங்கள் ஊரில் இன்னொருவரைக் கடித்தால் எந்த வண்டி வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்போது அங்கே இருந்தவர்கள் சுமார் 92,000 பேர். இவ்வளவு பரந்த நிலத்தில் இவ்வளவு குறைந்த மக்களுக்கு ஒவ்வொரு மூலையிலும் வண்டி நிறுத்த எந்த அரசாலும் முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் இருக்கும் வண்டிகளுக்கே எசமானர்கள் பலர். 1990 வண்டிகள் கொழும்பின் கீழ். பிரதேச, ஆதார வைத்தியசாலைகளின் வண்டிகள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ். போய்ச் சேரும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையோ மத்திய சுகாதார அமைச்சின் கீழ். அன்று காலை மாவட்டம் முழுவதிலும் எத்தனை வண்டிகள் எங்கே நிற்கின்றன, எவை யாழ்ப்பாணத்திலிருந்து வெறுமையாகத் திரும்பி வருகின்றன என்று சொல்லக்கூடிய ஒருவரை நான் காணவில்லை. பிரசவத்துக்குப் போன வண்டி திரும்பி வரும் வழியில் பரந்தனைத் தாண்டிவிட்டது என்பதைக்கூட ஒரு சிற்றூழியர் தன் நண்பருக்குத் தொலைபேசி எடுத்தே அறிந்தார்.

ஒன்ராறியோவிலும் நாட்டுப்புற நோயாளிகள் காத்திருக்கிறார்கள். 2022 முதல் சிறிய ஊர் வைத்தியசாலைகள் பல, ஆளில்லாமல் அவசரப் பிரிவை இரவில் பூட்டியிருக்கின்றன. வண்டிக்கு நாற்பத்தைந்து டொலர் பட்டியலும் வரும். இங்கே ஒரு சதமும் கேட்கவில்லை. ஆயினும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு: அவசர அழைப்புக்கும், ஆபத்தான நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு மாற்றுவதற்கும் வண்டியை அனுப்புவது ஒரே நிலையம். ஒரு வண்டி தூரம் போய்விட்டால் பக்கத்து ஊர் வண்டியை நகர்த்தி இடைவெளியில் நிறுத்துவார்கள். இளம் வைத்தியர் என்னிடம் கேட்ட கேள்வியை அங்கே ஒருவர் திரையைப் பார்த்தபடி இரவு முழுவதும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. இரண்டு தொலைபேசிகளும், சுழற்சி முறையில் மூன்று நான்கு பேரும், எல்லா வண்டிகளும் தங்கள் இருப்பை அவருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஓர் உத்தரவும் இருந்தால் ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம். அந்த உத்தரவை மாகாணமும் கொழும்பும் சேர்ந்து இட வேண்டும் என்பதுதான் கடினம்.

வெளிநாட்டிலிருந்து நாங்கள் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்ச் சங்கங்கள் கூடினால் முதலில் எழும் யோசனை அம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்பது. 2009 பெப்ரவரியிலிருந்து மே மாதத் தொடக்கம்வரை, தரைவழி அடைபட்டு, காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கடல்வழியே ஏற்றிப் போனதைச் செய்திகளில் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்த தலைமுறைக்கு, வண்டி என்றதும் மனம் இளகுவது இயல்பு. அன்று காலை முற்றத்தில் நின்றதோ, சாரதி இல்லாத நல்ல வண்டி. சாரதிக்கான ஆளணியை நன்கொடையாளரால் உருவாக்க முடியாது; எரிபொருளையும் ரயரையும் பத்து ஆண்டுகளுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது, நன்கொடை வண்டியும் அரச வண்டியும் ஒரே மாதிரித்தான் நின்றன.

சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் நான்கு தடவை இரத்தச் சுத்திகரிப்பு நடந்தது. பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தார். இப்போது மாதம் ஒரு தடவை கிளினிக் கொப்பியோடு முதல் பஸ்ஸில் போய் வருகிறார். நான் விமானம் ஏறுவதற்கு முன், தம்பியும் நானும் தகரத்தில் வெள்ளை அடித்து, ஊர்ப் பெயர், கிராம அலுவலர் பிரிவு, ஒழுங்கை எண் என்று பதினொரு பலகைகள் எழுதி, பிரதான வீதிச் சந்தியிலிருந்து குளக்கட்டு வரை நட்டோம். ஒழுங்கைகளுக்கு எண் போட்டது நாங்களே. கிராம அலுவலர் அதைத் தன் பதிவில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். இரவில் அழைத்தால் சந்தியில் ஒருவர் ரோர்ச்சுடன் நிற்க வேண்டும் என்பது 1990 சாரதி சொன்ன யோசனை. அதையும், செயலியை இறக்கிக்கொள்ளும்படியும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பெயின்ருக்கும் தகரத்துக்கும் ஆன செலவு ஒரு கனடாக் குடும்பத்தின் ஒருநாள் சாப்பாட்டுக் காசு.

திரும்பி வந்து, எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வண்டிக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது என்றும், சங்கத்தின் பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை என்றும் சொன்னார்.