வாண்டுவின் சூரை டப்பா: இரண்டு வருட அனுபவம்

அலுவலகத்தில் தோழி ஒருத்தி போன வாரம் பூனைக்குட்டி எடுத்திருக்கிறாள். "நீ எந்த டப்பா குடுக்கறே, பேரை மட்டும் சொல்லு, வாங்கிடறேன்" என்றாள். நான் பேரைச் சொல்லாமல் அரை மணி நேரம் புலம்பினேன். அந்தப் புலம்பல்தான் இது. பேர் இங்கேயும் கிடையாது.

எங்கள் வாண்டு தெருவிலிருந்து வந்தவன். ஆறு வயது, நாலரைக் கிலோ. இரண்டு வருடம் முன்பு வரை ட்ரை ஃபுட் மட்டும்தான். ஒரு நாள் காலையிலிருந்து மணல் தட்டுக்குப் போவதும் குந்துவதும் எழுந்து வருவதுமாக இருந்தான். ஒரு சொட்டு வரவில்லை. ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் ட்யூப் போட்டு எடுத்துவிட்டு, "தண்ணி உள்ள போகணும்மா, வெட் ஃபுட்டுக்கு மாத்துங்க" என்றார். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையில் இருக்கும் ஈரத்திலேயே காலம் தள்ளிய பரம்பரை என்பதால் கிண்ணத்தைத் தேடிப் போய்க் குடிக்கிற புத்தி குறைவு. ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம் இருந்தால் பெரிது. டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

அப்படித்தான் தாய்லாந்தில் அடைத்து வரும் இந்த 80 கிராம் டப்பா வீட்டுக்குள் வந்தது. விலை 110 ரூபாய். மேலே தங்க எழுத்தில் 'பிரீமியம்'. உள்ளே இருப்பது சூரை மீன், டூனா என்று சொன்னால்தான் இந்த விலை வரும். அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, 80 கிராம் 110 ரூபாயா? இந்த விலைக்கு நம்ம வீட்டுல எவன் மீன் தின்னான்?" என்றாள். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் மீனாகவே இருக்கிறது. கூழாக்கி, பசை போட்டு உருட்டிய உருண்டை இல்லை, இழை இழையாக உரிகிறது. புரதம் 12 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து முதலில் ஏமாந்தேன், ட்ரை ஃபுட்டில் 32 ஆயிற்றே என்று. ஈரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டுமாம். டப்பாவில் தண்ணீர் 84 போக மிச்சம் 16, அதில் 12 புரதம், அதாவது 75 சதவீதம். அதே கணக்கில் ட்ரை ஃபுட் 36 கூட வரவில்லை. மணல் தட்டில் மூத்திரம் பட்டு உருளும் கட்டி, முன்பு எலுமிச்சை அளவில் கிடந்தது, ஒரு மாதத்தில் சாத்துக்குடி அளவுக்கு வந்தது. பூனை வளர்க்காதவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியாது. அடைப்பு திரும்ப வரவே இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். டப்பா பழகியதும் துரை ட்ரை ஃபுட்டைத் தொடவில்லை. சரி, நல்லதுதானே என்று நாளுக்கு மூன்று டப்பா. நாலு மாதத்தில் எடை நாலே கால் கிலோவுக்கு வந்துவிட்டது. டாக்டர் டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார். தங்க எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, பார்கோடுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் 'காம்ப்ளிமென்டரி பெட் ஃபுட்'. கூட வந்த தம்பி, "ஓசின்னு போட்டிருக்கான், 110 ரூபா வாங்கறான்" என்றான். அர்த்தம் அதுவல்ல. இது முழுச் சாப்பாடு இல்லை, தொட்டுக்கொள்கிற சமாச்சாரம். விட்டமின், சுண்ணாம்புச் சத்து, டாரின் என்கிற அமினோ அமிலம் எல்லாம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்துபோகிறது என்று 1987இலேயே கலிபோர்னியாவில் கண்டுபிடித்துவிட்டார்கள். கலோரியும் அப்படித்தான். ஒரு டப்பாவில் 45, இவனுக்கு நாளுக்கு 200 வேண்டும். பிள்ளையை நாலு மாதம் ரசத்திலேயே ஓட்டியிருக்கிறேன்.

டப்பாக்காரர்கள் பொய் எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பிரீமியம்' என்பதை அரை அங்குலத்துக்கு அச்சடிக்க இடம் இருந்தவர்களுக்கு இதற்கு இடம் இல்லையா? இப்போது கடைக்குப் போனால் எந்த டப்பாவையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு', அதாவது முழுச் சாப்பாடு, என்று இருந்தால் மட்டுமே மேல்பக்கம். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

அந்த வரி இருக்கிற டப்பா ஒன்றும் வாங்கினேன், விலையும் குறைவு. கூழ் வகை. வாண்டு ஒருமுறை முகர்ந்தான். பிறகு முன்னங்காலால் தரையைப் பறித்துப் பறித்து அதன்மேல் இல்லாத மண்ணைத் தள்ளி மூடினான். மணல் தட்டில் என்ன செய்வானோ அதையேதான். மூன்று வாரம் சூரையோடு ஸ்பூன் ஸ்பூனாகக் கலந்து ஏமாற்றித்தான் வழிக்குக் கொண்டு வந்தேன். இப்போது காலையும் இரவும் கூழ், சாயங்காலம் மட்டும் அரை டப்பா சூரை. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொடுக்கிறேன். ஜில்லென்று வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

தோழிக்குச் சொன்ன தீர்ப்பு: வாங்காதே. மீனுக்கு ஐந்து, நேர்மைக்கு ஒன்று, மொத்தத்தில் இரண்டு நட்சத்திரம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே 24 டப்பா பெட்டிக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று செய்தி வந்தது, ஆர்டர் போட்டுவிட்டேன். மணி ஆறாகப் போகிறது. அலமாரிக் கதவில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான்.