பங்குனி ஆமை முட்டை: மணலிலேயே விடுவதா, பொரிப்பகத்துக்கு எடுப்பதா?

பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இடும். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். அதுவரை முட்டையை என்ன செய்வது?

இட்ட இடத்திலேயே விடுவதுதான் இயற்கைக்கு நெருக்கமானது. ஒடிசாவின் ருஷிகுல்யா போல ஆயிரக்கணக்கில் கரையேறும் இடத்தில் அதுவே நடைமுறை. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். அந்தக் கணக்கில் மனிதக் கை படாமலிருப்பது நல்லது.

ஆனால் சென்னைக் கடற்கரை ருஷிகுல்யா இல்லையே! இங்கே நாய்கள் குழியைத் தோண்டிவிடும். தப்பிப் பிறந்த குஞ்சும் தெருவிளக்கைக் கடலின் வெளிச்சம் என்று நம்பி சாலைப் பக்கம் ஊரும். அதனால்தான் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டை சேகரித்துப் பொரிப்பகத்தில், அதாவது வேலி போட்டுக் காக்கும் மணல் பரப்பில், புதைக்கிறார்கள். இதிலும் ஆபத்து உண்டு: இட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தாமதித்துப் புரட்டினால் கரு செத்துவிடும். குழி ஆழமும் அகலமும் தாய் தோண்டியதைப் போலவே அமைய வேண்டும்.

என் ஓட்டு சென்னைக்குப் பொரிப்பகம். விளக்கும் நாயும் குறைவான கரையில் கம்பிவலை போட்டுக் காவல் காத்தால் போதும்.

இரண்டுமே முட்டையைத்தான் காக்கின்றன. தாய் ஆமை இழுவலையில் மூச்சுமுட்டிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கத் தடை என்கிற விதியைக் கடலில் யார் காக்கிறார்கள்?