வீட்டுக்கு இணையம்: டேட்டா பேக்கா, கேபிள்காரர் ஃபைபரா, அரசு வடமா?

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக் குடும்பம் இணையம் வேண்டும் என்று நினைத்தால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு டேட்டா பேக் போட்டுக்கொள்வது ஒன்று. உள்ளூர் கேபிள்காரரிடம் சொல்லி ஃபைபர் இழுப்பது இன்னொன்று. ஊராட்சி வரை வந்திருக்கும் அரசு கண்ணாடி இழை வடம் மூன்றாவது. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைக்கும் பொது வைஃபை நான்காவது. எது நல்லது என்று கேட்டால் எல்லாரும் வேகத்தையும் விலையையும்தான் சொல்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் லைன் போய்விட்டால் யாருக்குப் போன் செய்வது, அவர் எப்போது வருவார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஒப்பீடு முழுமையாகும்.

டேட்டா பேக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இணையம் என்றாலே அதுதான். இந்தியாவின் பிராட்பேண்ட் இணைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மொபைல் வழியாகத்தான். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வருவதற்கு முன், ஒரு ஜிபிக்கு இருநூற்றைம்பது ரூபாய் அளவில் கொடுத்து, அதை ஒரு மாதம் பொத்திப் பொத்தி ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த நிலைமை மாறியது உண்மையிலேயே பெரிய விஷயம். வயலில் நிற்பவர் மழை நிலவரம் பார்க்கிறார், பூக்காரம்மா க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார், வெளிநாட்டில் இருக்கும் மகன் தினமும் வீடியோவில் வருகிறான். இதையெல்லாம் கொண்டுவந்தது டவர்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் விலை அப்படியே நிற்கவில்லை. 2019 டிசம்பரில் ஏறியது, 2021 கடைசியில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் என்ற ஜியோ பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது அந்த ஜூலையில்தான். 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு ரீசார்ஜ் போதாது, பதின்மூன்று வேண்டும். அப்பா, அம்மா, கல்லூரிப் பெண் என்று மூன்று போன் உள்ள வீட்டில் வருடத்துக்கு 11,661 ரூபாய் ஆகிறது. மாதச் சம்பளம் இல்லாத குடும்பத்தில் இது முந்நூறு முந்நூறாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, அந்தப் பணத்துக்கு அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? ஒரு மணி நேர வீடியோ வகுப்பிலேயே அரை ஜிபிக்கு மேல் போய்விடும். சாயங்காலம் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட உட்கார்ந்தால் போட்டோவும் கையெழுத்தும் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைப்பாள். பாதியில் அந்தப் போனுக்கு அழைப்பு வந்தால், சிக்னல் பலவீனமான வீட்டில் நெட் நின்றுவிடும். பக்கம் காலாவதியாகிவிட்டது, மறுபடி உள்நுழையுங்கள் என்று வரும். கடைசித் தேதியன்று இப்படித் தவிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். படம் பார்க்கவும் பேசவும் டேட்டா பேக் போதும். படிக்க, விண்ணப்பிக்க, வீட்டிலிருந்து வேலை செய்ய அது போதாது. பெருமழை நேரத்தில் டவருக்குக் கரண்ட் போய் ஊரே துண்டாகிவிடுவதையும் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது கேபிள்காரர். ஊரில் முப்பது வருடமாக டிவி இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர்தான் இப்போது பல இடங்களில் ஃபைபரும் தருகிறார். ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக அலைவரிசை (இணையக் கொள்ளளவு) வாங்கியோ, அவர்களுக்கே உள்ளூர் முகவராகவோ நடத்துகிறார். தொடக்கத் திட்டங்கள் 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 399 ரூபாயை ஒட்டி இருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 471, வருடத்துக்கு ஏறக்குறைய 5,650.

அதே மூன்று போன் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் பேச மட்டும் ரீசார்ஜ் செய்யும் வசதி வந்தது. 84 நாளுக்கு 450 ரூபாய் சுமாராக வருகிறது. மூன்று போனுக்கும் இதைப் போட்டு, வீட்டுக்கு ஃபைபர் வாங்கினால் வருடச் செலவு சுமார் 11,500. அதாவது அதே பணம். என்ன வித்தியாசம் என்றால், வீட்டில் எல்லாருக்கும் தட்டுப்பாடில்லாத இணையம் கிடைக்கும், வாசலைத் தாண்டினால் யாருக்கும் டேட்டா இருக்காது. வெளியே ஜிபே வேண்டும் என்று அப்பாவின் போனுக்கு மட்டும் டேட்டா பேக் போட்டால் செலவு ஒன்றிரண்டாயிரம் கூடும். படிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேச மட்டுமான ரீசார்ஜ் இன்னும் மலிவாக இருந்தால் முடிவெடுப்பது எளிதாகும். டிராய் அந்த ரீசார்ஜைக் கொண்டுவரச் சொன்னதே தவிர, அதன் விலையை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. இது எனக்குப் பெரிய குறை.

கேபிள்காரரின் உண்மையான பலம் விலையில் இல்லை. மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது என்று சொன்னால் அவர் வருவார். எங்கள் பகுதியில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி வடத்தை அறுத்துப்போட்டபோது, அவருடைய பையன் இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலுறையை உரித்து, முடியைவிட மெல்லிய இழையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் அந்தச் சின்ன இயந்திரத்துக்குள் வைத்து மூடினான். உள்ளே ஒரு நொடி மின்பொறி. திரையில் ஒளி இழப்பு வெறும் 0.02 டெசிபல் என்று காட்டியதும், மேலே ஒரு குழல் உறையைத் தள்ளிச் சூடாக்கினான். ஒவ்வொரு இழைக்கும் இதே வேலை. நல்ல ஒட்டு இயந்திரம் லட்ச ரூபாய்க்குக் குறையாது. அந்த முதலீட்டையும் அந்தக் கைத்திறமையையும் நம் கொள்கை எழுதுபவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. எந்த ஊரில் ஒருவரே கேபிள்காரரோ, அங்கே அவர் வைத்ததுதான் விலை. மாலை ஏழு மணிக்கு மேல் வேகம் படுத்துவிடும் இடங்களும் இருக்கின்றன, வாங்கிய அலைவரிசையை அதிகப்படியான வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் காரணம். கரண்ட் போனால் மோடமும் போகும் என்பதால் ஆயிரத்து சொச்சத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைக்க வேண்டும். பத்து வீடுள்ள குக்கிராமத்துக்கு அவர் வரவே மாட்டார், வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது.

அங்கேதான் அரசு வர வேண்டும். வரவும் செய்தது, மெதுவாக. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. பிறகு அதுவே பாரத்நெட் ஆனது. கெடு பல முறை தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒரு ஜிபிபிஎஸ் கொண்டுசேர்க்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. வடத்தைப் பெரும்பாலும் ஈபி கம்பங்களிலேயே கட்டிக்கொண்டு போகிறார்கள். மண்ணுக்குள் புதைப்பதைவிட இது சீக்கிரம் முடியும், ஜேசிபி பயமும் குறைவு. ஆனால் புயலடித்தால் கம்பத்தோடு சேர்ந்து விழும்.

வடம் ஊராட்சி அலுவலகம் வரை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். என் ஆதங்கம் அதற்கு அப்புறம் உள்ள தூரம் பற்றியது. அலுவலகச் சுவரில் இணையக் கருவி உள்ள பெட்டி மாட்டியிருக்கும், அதற்குச் சாவி யாரிடம் என்று கேட்டால் ஊராட்சிச் செயலருக்கே தெரியாது. அதிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஒரு இழை போகாது. பள்ளிக்கூடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகாத இடங்கள் உண்டு. கருவி பழுதானால் புகார் மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்ததாரருக்குப் போய், அவருடைய ஆள் வேறு வட்டத்திலிருந்து வர வேண்டும். கேபிள்காரரின் பையன் அன்றிரவே முடித்த வேலை இங்கே வாரக்கணக்கில் கிடக்கும்.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு 1,39,579 கோடி ரூபாயில் பாரத்நெட்டைத் திருத்தி அமைத்தபோது இதை ஓரளவு உணர்ந்துகொண்டது. ஐந்து ஆண்டில் ஒன்றரை கோடி கிராமப்புற வீட்டு இணைப்பு என்று இலக்கு வைத்தார்கள். உள்ளூர் தொழில்முனைவோர் ஒருவர் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்துப் பராமரிப்பார், மாதக் கட்டணத்தை அரசு நிறுவனத்தோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார் என்பது ஏற்பாடு. பத்தாண்டுப் பராமரிப்புச் செலவும் அந்தத் தொகைக்குள் சேர்க்கப்பட்டது. திட்டம் போடும்போதே பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியதுதான் இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி.

கேரள அரசின் சொந்த ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோனை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பு நிறுவனமும் கூட்டாக நடத்துகின்றன. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அறிவிப்பு. முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீடு, 140 தொகுதிக்கு 14,000 வீடு என்று ஆரம்பித்தார்கள். காசு கட்டுபவர்களுக்கு 20 எம்பிபிஎஸ் 299 ரூபாயிலிருந்து. அறிவித்த இலக்கு மிகப் பெரியது, நடை மெதுவானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இணைப்பை வீடு வரை கொண்டுபோக உள்ளூர் கேபிள்காரர்களைச் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு. அங்கே இணையத்தை உரிமையாகப் பார்க்கும் பார்வையும் இருக்கிறது. ஒரு கல்லூரி விடுதியில் செல்போன் தடையை எதிர்த்து மாணவி தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொன்னது.

தமிழ்நாடு வேறொன்றையும் செய்து பார்த்தது. கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா அட்டை. அந்த நெருக்கடிக்கு அது தேவைப்பட்டது, பல பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்தது. ஆனால் ஏப்ரல் முடிந்ததும் அந்தச் செலவில் ஊரில் எதுவும் மிஞ்சவில்லை. அதே பணத்தில் ஒரு பகுதி பள்ளிக்கூடம் வரை, நூலகம் வரை ஃபைபராகப் போயிருந்தால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கும் உதவியிருக்கும். அவசரத்துக்கு டேட்டா கொடுக்கலாம். நிரந்தரக் கொள்கையாக அதை நான் ஏற்க மாட்டேன். சில தளங்கள் மட்டும் இலவசம் என்ற ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் யோசனை இன்னும் மோசமானது. ஏழைக்கு அரைகுறை இணையம் போதும் என்று ஒரு நிறுவனம் முடிவெடுப்பதுதான் அது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அந்த வகைக் கட்டணங்களைத் தடை செய்தது நம் இணைய வரலாற்றின் நல்ல நாட்களில் ஒன்று.

பொது வைஃபை பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2020 டிசம்பரில் அதற்கென்று மத்திய அரசின் பிஎம்-வாணி திட்டம் வந்தது. உரிமம் வேண்டாம், உரிமக் கட்டணம் வேண்டாம், எந்தக் கடைக்காரரும் வைஃபை விற்கலாம் என்றார்கள். மத்திய அரசின் 2018 தொலைத்தொடர்புக் கொள்கையில் 2022-க்குள் ஒரு கோடி வைஃபை இடங்கள் என்று எழுதியிருந்தார்கள். 2024 கடைசியில் இருந்தது இரண்டரை லட்சம் அளவில். இணைய நிறுவனங்கள் கடைக்காரரிடம் வீட்டு இணைப்பு விலை வாங்காமல், பெரிய அலுவலகங்களுக்குத் தரும் குத்தகை லைன் என்ற தனி இணைப்புக்கான பெரிய தொகையைக் கேட்டதுதான் முக்கியத் தடை. 2025 ஜூனில் டிராய் இதற்கு உச்சவரம்பு வைத்தது, வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று. பஸ் ஸ்டாண்டுக்கு நல்லது. வீட்டில் படிக்கும் பெண்ணுக்கு இது விடை அல்ல, ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் கடைவீதியில் நின்று பரீட்சை எழுத முடியாது. வடமே ஏற முடியாத ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பகுதிச் சிற்றூர்களுக்கு வேண்டுமானால் செயற்கைக்கோள் இணைப்பு பொருந்தும், அதையும் பள்ளி, மருத்துவமனை என்று பொது இடத்தில் வைத்து அரசே கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே என் தேர்வு இது. ஊராட்சி வரை அரசு வடம். அங்கிருந்து வீடு வரை உள்ளூர் கேபிள்காரர், ஒருவர் மட்டுமல்லாமல் யார் வேண்டுமானாலும் அந்த வடத்திலிருந்து ஒரே விலைக்கு அலைவரிசை வாங்கலாம் என்ற நிபந்தனையோடு. தனியாருக்கு அந்த வடத்தை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன், அப்படிச் செய்தால் ஊருக்கு ஒரே கேபிள்காரர் என்ற பிரச்சினை மாநில அளவில் வரும். முழுக்க அரசே நடத்தட்டும் என்பதையும் ஏற்க முடியவில்லை, சிவப்பு லைட்டுக்கு அன்றே ஆள் அனுப்ப அதனால் முடியாது.

இதற்கு ஊர்க்காரர்கள் சென்னையையோ டெல்லியையோ பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அடுத்த கிராம சபையில் நான்கு கேள்விகளைத் தீர்மானமாகவே எழுதி வைக்கலாம். நம் ஊராட்சிக்கு வந்த வடம் இன்று வேலை செய்கிறதா? பெட்டிச் சாவி யாரிடம், பழுதானால் எந்த எண்ணுக்கு அழைப்பது? பள்ளிக்கும் நூலகத்துக்கும் எந்தத் தேதிக்குள் இணைப்பு வரும்? வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க உள்ளூரில் யார் முன்வந்தார்கள், வராவிட்டால் ஏன்? ரோடு, குழாய் வேலைக்குத் தோண்டும் ஒப்பந்ததாரர், தோண்டுவதற்கு முன், வடம் அறுபடாமல் தடுப்பதற்கான 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் பதிவு செய்தாரா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம், 2023 மார்ச்சிலிருந்து அந்தச் செயலி இருக்கிறது.