லோரி இல்லாத சாலை வேண்டுமா? கோல சிலாங்கூர் பக்கம் பல வருடம் சைக்கிள் ஓட்டிய அனுபவம்

மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கத்துப் புக்கிட் ரோத்தானில் வீடு, பள்ளிக்கூட வேலை. சனி, ஞாயிறு காலைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று சுற்றுவது பல வருடப் பழக்கம். லோரி தொல்லை இல்லாத வழி எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். வழியைக் கேட்பதற்கு முன்னால் மணி என்ன, திதி என்ன, எந்தக் காட்டில், அதாவது செம்பனைத் தோட்டத்தின் எந்தப் பகுதியில், குலை வெட்டு என்று கேளுங்கள். இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் இங்கே பாதிச் சாலைகள் உங்களுக்கே சொந்தம்.

பெரிய சடக்கை முதலிலேயே கழித்துவிடுவோம். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக வடக்கே போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் ஓட்டுவதில் ஒரு சுகமும் இல்லை. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் ஏறி, சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். லாத்தார் நெடுஞ்சாலை அசாம் ஜாவாவில் வந்து முடிவதால், ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் கோலாலம்பூர்க் கார்கள் அங்கே இறங்கி, செகிஞ்சானுக்கு மீன் சாப்பிடப் புறப்பட்டுவிடும். அதற்குள் நாம் உள்சாலைக்குப் போயிருக்க வேண்டும். இந்தப் பக்கம் விடிவதே ஏழு மணி வாக்கில்தான். ஆக, கையில் இருப்பது இரண்டு மணி நேரம்.

எனக்கு மிகவும் பிடித்தவை செம்பனைத் தோட்டத்துச் சாலைகள். தோட்டம் கம்பெனிச் சொத்து, நினைத்தபடி நுழைய முடியாது. வாசலில் ஜாகா, அதாவது காவல்காரர், இருப்பார். எங்கே போகிறேன், எந்தப் பக்கம் வெளியே வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். சில தோட்டங்களில் விடமாட்டார்கள், அங்கே வாதாடுவதில் பயனில்லை. இப்போதெல்லாம் குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், தமிழ்க் குரல் குறைந்துவிட்டது. நான் போகும் தோட்டத்தில் ஜாகா கொட்டகையில் இருப்பவர் மட்டும் இன்னும் நம்மவர். கைப்பேசி வரைபடத்தைவிட எனக்கு அவர் பேச்சுதான் உதவும்.

“டீச்சர், இன்னிக்கு ஆத்தோரக் காட்டுல வெட்டு. அந்தப் பக்கம் வேண்டாம் லா, கோயில் பக்கமா சுத்திப் போயிருங்க.”

வெட்டு நடக்கும் இடத்தில் சைக்கிளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உதிரிப் பழம். லோரி ஏறி நசுக்கினால் அதன் எண்ணெய் தாரில் படிந்து, வளைவில் சக்கரம் வழுக்கும். இன்னொன்று மட்டையின் முள். குலையை இறக்க மட்டையையும் சேர்த்து வெட்டுவார்கள். மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கிவிட்டாலும், அடிப்பக்கத்து முள் கொஞ்சமாவது சாலைக்கு வந்துவிடும். டயரில் அது ஏறிய இடம் கண்ணுக்குத் தெரியாது. டயரைக் கழற்றி உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நறுக்கென்று குத்தும். ஒடிந்த முனை அங்கே ரப்பருக்குள் புதைந்து இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அரை மைல் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிடும். பை நிறையப் பட்டறைச் சாமான் சுமப்பவர்கள்கூட புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதிகம் உதவியது அதுதான்.

வெட்டுக்குக் கணக்கு உண்டு. ஒரு காட்டை வெட்டி முடித்தால் அடுத்த சுற்று வர பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியின் நடுவில் போய்ப் பாருங்கள், காதில் விழுவது சங்கிலிச் சத்தம் மட்டும்தான். கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி வைத்திருப்பார்கள், எலி பிடிக்கும் கூகைகள் தங்குவதற்கு. விடியும் நேரத்தில் போனால் வெள்ளை முகம் ஒன்று எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. பொம்பளை தனியாகப் போகிறாயே, பயமில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லயத்து நாய்களுக்குத்தான் பயம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அவற்றுக்கு ஆர்வம் போய்விடும். மழை பெய்த மறுநாள் மட்டும் செம்மண் பாதையில் இறங்காதீர்கள். மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டு தள்ளக்கூட முடியாது.

அப்புறம் கடலோரம். ஜெராம், சசாரான் பக்கத்துக் கிராமங்களுக்குள் போகும் குறுகலான தார்ச்சாலைகள் கடல்நீரைத் தடுக்கும் மண்கரையில் போய் முட்டும். கரைக்கு அப்பால் அலையாத்திக் காடு, அதையும் தாண்டினால் சேறு. மணல் கடற்கரையை எதிர்பார்த்து வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கே அழகே அந்தச் சேறுதான், ஆனால் நேரம் பார்த்து வர வேண்டும்.

இதற்குத் தனி அட்டவணை தேவையில்லை, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் கடல் ஏற்றம் விடிகாலையிலும் மாலையிலும் வரும், வற்று நண்பகல் வாக்கில். கிள்ளான் கடற்பகுதியில் பெரிய ஏற்றம் 5 மீட்டரைத் தாண்டும், அப்போது கரையோரத் தாழ்வான சாலைகளில் உப்புத் தண்ணீர் நிற்கும். அதற்குப் பயந்து வராமல் இருக்க வேண்டாம். எட்டரைக்கு மேல் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் முதலில் வெளிப்படுவது கரைக்குப் பக்கத்துச் சேறு. உள்ளான் பறவைகள் கூட்டமாக அங்கே இறங்கி மேயும், தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். இன்னும் இரண்டு மணி நேரம் போனால் சேறும் பறவையும் வெகுதூரம் போய்விடும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் காலம். மற்ற மாதங்களில் கொக்கு, கருடன், வாலால் துள்ளித் துள்ளி ஓடும் சேற்று மீன்கள். அவையும் மோசமில்லை.

உப்புத் தண்ணீரில் ஓட்டினால் வீட்டுக்கு வந்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கே செந்நிறம் தெரியும். என்னுடையது இரும்புச் சட்டம் போட்ட பழைய ரகம், 35 மில்லிமீட்டர் டயர். மெலிந்த டயர் போட்ட பந்தய சைக்கிளைக் கொண்டுவந்தவர்கள் வேகமாக வந்தார்கள், வேகமாகப் பங்சர் ஆனார்கள்.

புக்கிட் மெலாவத்தி இந்தச் சமவெளியில் அபூர்வமாகக் கிடைக்கும் மேட்டு ஏற்றம். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த கோட்டை இருந்த குன்று, உச்சியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம். வார இறுதியில் கார்களை மேலே விடமாட்டார்கள், டிராம் வண்டி மட்டும் ஓடும். அதனால் பிள்ளைகளைக் கூட்டிவர இதுவே நல்ல இடம். வெள்ளிமுடி லுத்தோங் குரங்குகள் சாது. அவற்றின் குட்டி பொன்னிறமாக, வேறு சாதிக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் தெரியும். நீளவால் கெரா குரங்குகள் அப்படி இல்லை, கைப்பிடிப் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. அடிவாரத்தில் இருப்பது 1987இல் உருவான இயற்கைப் பூங்கா. நான் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே நடந்துதான் போவேன்.

ஆற்றைத் தாண்டி வடக்கே போகப் பாலம் ஏற வேண்டும். எனக்கு இந்த வட்டாரத்தில் பிடிக்காத இடம் அதுதான். லோரி பின்னால் வந்தால் ஒதுங்க இடமில்லை, காலை எட்டுக்குள் கடந்துவிடுங்கள். தாண்டினால் தஞ்சோங் காராங் தொடங்கி செகிஞ்சான் வரை நெல் வயல். வாய்க்கால் ஓரமாகச் சாலை நேராக ஓடும், வருடத்துக்கு இரண்டு போகம். புகைப்படம் எல்லாம் அழகாக வரும். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நிழல் என்பதே கிடையாது, அறுவடை வாரத்தில் இயந்திரமும் லோரியும் சாலையை அடைத்துக்கொள்ளும். நான் போவது நாற்று நட்டு முடிந்த சமயத்தில் மட்டும்.

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவும் சைக்கிளில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னும் பூச்சிகள், கட்டாயம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றைப் பார்க்க நன்றாக இருட்ட வேண்டும், திரும்பும் சாலையும் இருட்டு. பளிச்சென்ற முன்விளக்கோடு படகுத்துறைக்குப் போனால் மின்மினிக்கும் ஆகாது, படகுக்காரருக்கும் ஆகாது. அங்கே நான் காரில்தான் போகிறேன்.