தம்பூராவா, சுருதிப்பெட்டியா, கைப்பேசியா?

மகள் தொடக்கநிலை 5க்கு வந்த ஆண்டு, கர்நாடக இசை வகுப்பில் வர்ணம் என்ற பாடல் வகையைத் தொடங்கினாள். அதுவரை அவளுக்குச் சுருதி, அதாவது பாடும்போது பின்னால் விடாமல் ஒலிக்கும் ஆதார நாதம், என்றால் கைப்பேசிதான். செயலியைத் திறந்து, சுருதியின் உயரத்தை 5 கட்டை என்று தட்டினால் முடிந்தது. "வர்ணத்துக்கு வந்தாச்சு, இனிமே வீட்டுல நல்ல சுருதி வேணும்மா" என்று டீச்சர் சொன்ன பிறகுதான் தம்பூரா, சுருதிப்பெட்டி, செயலி மூன்றையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன்.

செயலியின் வசதிக்கு ஈடே இல்லை. எம்ஆர்டி ரயிலில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு மனத்துக்குள்ளேயே பாடிப் பார்க்கலாம். கட்டையை மாற்ற ஒரு விரல் போதும். சிக்கல் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இருக்கிறது. 5 கட்டையில் நடு ஸட்ஜம், அதாவது 'ஸ' ஸ்வரம், வினாடிக்கு 196 அதிர்வு. அதற்குக் கீழே உள்ள மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 98. அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் உருப்படியாகத் தர முடியாது. அடி கழன்றுபோய், மேலே இருக்கும் ரீங்காரம் மட்டும் காதில் விழும். என் மகள் அதற்கேற்பக் குரலை ஒடுக்கிக்கொண்டு மூக்கால் பாடப் பழகியிருந்தாள். புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்தால் பாதிக் குறை தீரும். மீதிக் குறை, நடுவில் வந்து விழும் வாட்ஸ்அப் மணி.

சுருதிப்பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. அது ஒரே வேலையைத்தான் செய்யும். 1979ல் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் ராஜ் நாராயண் தம்பூரா நாதத்தைத் தரும் இந்த வகைப் பெட்டியை, அதாவது மின்னணுத் தம்பூராவை, உருவாக்கினார். இன்று பெரிய மேடைகளிலும் அது சாதாரணம். நவம்பரில் சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா நடக்கும்போது கவனித்துப் பாருங்கள், பாடகர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கக்கூடும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் முடக்கமான சர்க்கிட் பிரேக்கர் இருந்ததே, அப்போது வகுப்பு காணொளிக்கு மாறியது. டீச்சர் தம்பூராவை மீட்டுவார். ஒரு நொடி கேட்கும், அப்புறம் காணாமல் போய்விடும். விடாமல் ஒலிக்கும் நாதத்தை மென்பொருள் பின்னணி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிட்டது. ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவும் வழியில்லை. கடைசியில் அவரவர் வீட்டில் அவரவர் சுருதியைப் போட்டுக்கொண்டு, மாறி மாறிப் பாடினோம். அந்த இரண்டு மாதம் பாட்டு நின்றுபோகாததற்குச் செயலியும் பெட்டியும்தான் காரணம். அந்த நன்றி எனக்கு உண்டு.

இனி தம்பூரா. டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருப்பது பலா மரத்தில் செய்த தஞ்சாவூர்த் தம்பூரா. நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி ஓரளவு கொண்டுவந்து, தந்தியில் கோத்த மணியைத் தள்ளி நுணுக்கமாகச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ஜீவாளி. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையில் வைக்கும் ஒரு சின்ன நூல் அது. அதை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே மீட்ட வேண்டும். ஓர் இடத்தில் ஒலி சப்பென்று இருக்கும். மயிரிழை நகர்த்தினால் அப்படியே மலர்ந்து கூடமெல்லாம் நிறையும்.

முதல் முறை அப்படிச் சேர்ந்தபோது மகள் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், யாரோ 'கா' பாடறாங்க!" யாரும் பாடவில்லை. மந்தரத் தந்தி தன் அடிப்படை அதிர்வோடு அதன் மடங்குகளையும் சேர்த்தே எழுப்புகிறது. அதில் ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரம், அதாவது அவள் கேட்ட அந்தக் 'கா'. தந்திகள் சுத்தமாகச் சேர்ந்து, ஜீவாளியும் சரியான இடத்தில் உட்கார்ந்தால் அது தானாக எழுந்து கேட்கும். நல்ல பெட்டியிலும் செயலியிலும் கூட இது கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அது ஏற்கெனவே சேர்த்து வைத்துத் தரப்பட்டது. சேராத சுருதியைக் கேட்டு, எங்கே பிசகு என்று கண்டுபிடித்துத் திருத்தும் வேலையைக் குழந்தையின் காதுக்கு அவை தருவதே இல்லை. எனக்குப் பெரிய வித்தியாசம் இதுதான்.

அதற்காக உடனே தம்பூரா வாங்கிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நம்மூர் ஈரப்பதத்தில், ஏர்கானைப் போட்டு நிறுத்தினாலே சுருதி இறங்கும், ஏறும். குதிரையைச் சரிசெய்ய டீச்சர் போன முறை சென்னைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார். எங்கள் மூவறை வீட்டில் தம்பூராவின் குடம் இடிபடாமல் நிறுத்தி வைக்க ஒரு மூலைகூட இல்லை.

நாங்கள் பெட்டியை வாங்கினோம். தினமும் பாட்டுப் பயிற்சி அதோடுதான். செயலி பயணத்துக்கு மட்டும். சனிக்கிழமைகளில் வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே போய்விடுகிறோம், தம்பூராவை மகள் தானே சேர்க்க வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டு வாங்கிய நேரம் அது. போன வாரம் பஞ்சமத்துக்கே இருபது நிமிடம் ஆனது. டீச்சர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து, "இன்னும் ஒரு பொடி ஏத்தும்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.