லெஸ்: பல வருடப் பயன்பாட்டில் பார்த்த பிழைகள், தேடிப் பிடித்த வழிகள்

லாக் (நிரல்கள் எழுதும் பதிவு) படிப்பது, மேன் பக்கம் (கட்டளைகளின் கையேடு) பார்ப்பது, கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) டிஃப் பார்ப்பது என்று டெர்மினலில் எதைச் செய்தாலும் கடைசியில் லெஸ்ஸில்தான், நீண்ட உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் அந்த நிரலில்தான், வந்து நிற்கிறோம். மார்க் நுடெல்மன் 1980களின் முதல் பாதியில் எழுதிய கருவி, இன்றைக்கும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பல வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன், வேறு எதற்கும் மாறத் தோன்றியதில்லை. ஆனால் "லெஸ் தப்பாகக் காட்டுகிறதே" என்று நண்பர்கள் கூப்பிட்டு நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் லெஸ் சரியாகத்தான் இருந்தது. ஃபைலுக்கும் நம் கண்ணுக்கும் நடுவே வேறு சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், பிழை அங்கேதான் இருக்கும்.

முதல் ஆள் லெஸ்பைப். உபுண்டு லினக்ஸில் புதிய பயனருக்குக் கிடைக்கும் பாஷ்ஆர்சி (ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) ஃபைலிலேயே இதை இயக்கும் வரி இருக்கும். அது லெஸ்ஓப்பன் என்கிற என்விரான்மென்ட் வேரியபிளை (ஓடும் நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) நிரப்பிவிடும், அதன்பிறகு நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ஃபைலும் ஒரு ஸ்கிரிப்ட் வழியாக வடிகட்டித்தான் உள்ளே வரும். டார் ஃபைலைத் திறந்தால் உள்ளே என்னென்ன ஃபைல்கள் என்று பட்டியல் வருவது இதனால்தான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபைலை அப்படியே கொட்டும் கேட் கட்டளை காட்டுவதும் லெஸ் காட்டுவதும் வேறுவேறாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கேபிடல் எல் ஆப்ஷனோடு திறந்தால் வடிகட்டி ஓடாது, அப்போது எல்லாம் சரியாகத் தெரிந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. பாதுகாப்பு ஓட்டைகள் சிலவும் இந்தப் பக்கம் வந்தன. 2024-ல் வெளியானது அப்படி ஒன்று: 653 வரையிலான பதிப்புகளில், ஃபைல் பெயருக்குள் புது வரி எழுத்தை வைத்தே கட்டளை ஓடவைக்க முடிந்தது. முன்பின் தெரியாத ஆர்க்கைவைப் பிரித்து உள்ளே இருப்பதை லெஸ்ஸில் திறக்கும் பழக்கம் இருப்பவர்கள் இதற்காகவே பதிப்பை உயர்த்திவிடுங்கள்.

அடுத்து, ஓடுவது உண்மையிலேயே லெஸ்தானா? ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸை வைத்த கன்டெய்னருக்குள் இருப்பது பெரும்பாலும் பிஸிபாக்ஸின் (பல கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கிய தொகுப்பு) லெஸ். அது முற்றிலும் வேறு நிரல், பெயர் மட்டும் ஒன்று. வெர்ஷன் ஆப்ஷன் கொடுத்தால் அசல் லெஸ் பதிப்பு எண்ணோடு எந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடல் வடிவம்) நூலகத்தோடு கட்டப்பட்டது என்பதையும் சொல்லும். ஒரே தேடல் ஒரு கணினியில் கிடைத்து இன்னொன்றில் கிடைக்காவிட்டால் காரணம் அந்த ஒற்றை வரியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஆப்ஷன்கள். எவரோ எப்போதோ லெஸ் என்ற வேரியபிளில் எழுதி வைத்தவை எல்லாம் சத்தமில்லாமல் கூடவே வரும். கிட் தன் பங்குக்கு, அந்த வேரியபிளே இல்லையென்றால் கேபிடல் எஃப், ஆர், எக்ஸ் ஆப்ஷன்கள் மூன்றையும் தானே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் கிட் லாகில் ஒரு மாதிரியும் நேரடியாகத் திறந்தால் வேறு மாதிரியும் நடக்கிறது. எதையும் மூடாமல், உள்ளே இருக்கும்போதே அண்டர்ஸ்கோரும் ஆப்ஷன் எழுத்தும் அழுத்தினால் அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கீழே சொல்லும். பலருக்கு இது தெரியாது. எனக்கு மிக அதிகமாக உதவிய விசை இதுதான். அதிலும் பிடிபடவில்லை என்றால் என்விரான்மென்ட்டை மொத்தமாகக் காலி செய்து, டெர்ம் (டெர்மினல் வகை), லேங் (மொழி அமைப்பு) இரண்டை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கலர் வரவில்லை என்று சின்ன ஆர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். சின்ன ஆர் எல்லாக் கட்டுப்பாட்டு எழுத்துகளையும் அப்படியே டெர்மினலுக்கு அனுப்பிவிடும், கர்சர் எங்கே போனது என்று லெஸ்ஸுக்கே தெரியாமல் போய்விடும். புரோக்ரஸ் பார் ஓடிய பில்ட் லாகை அப்படித் திறந்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், மேலே கீழே நகர்த்த நகர்த்த திரை இன்னும் சிதையும். கேபிடல் ஆர் போட்டால் கலர் (புதிய பதிப்புகளில் ஹைப்பர்லிங்க்கும்) மட்டும் உள்ளே வரும், மற்றவை கேரட் எம் (^M) மாதிரி கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். பிழை தேடுகிறவருக்கு அதுதானே வேண்டும்.

லாகைப் பின்தொடரும் கேபிடல் எஃப் விசை நள்ளிரவில் நின்றுவிடுகிறது என்பதும் அடிக்கடி கேட்கிற புகார். லாக் ரொட்டேட் ஆகும்போது (பழையதை ஒதுக்கிப் புதியது தொடங்கும்போது) பழைய ஃபைல் பெயர் மாறிப்போகிறது, லெஸ் அந்தப் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபாலோ நேம் ஆப்ஷன் கொடுங்கள், சரியாகிவிடும்.

இனி தமிழ். லோக்கேல் (மொழி, எழுத்து அமைப்பு) சரியில்லாத சர்வரில் திறந்தால் "க" என்ற ஒரே எழுத்து மூன்று பைட்டாக உடைந்து கோண அடைப்புக்குறிகளுக்குள் வரும். லெஸ்சார்செட் வேரியபிளில் யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் போதும். நிஜமான சிக்கல் அகலக் கணக்கில்தான் இருக்கிறது. லெஸ் தனக்கென்று ஒரு யூனிகோட் அட்டவணை வைத்திருக்கிறது, அதில் இடம் அடைக்காத குறிகள் என்ற வகைக்குள் வருவதை மட்டும் பூஜ்யமாக எண்ணும். யூனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகை, இகரக் குறி அப்படி இல்லை. ஆக லெஸ்ஸின் கணக்கில் "தீ" ஒரு கட்டம், "தி" இரண்டு கட்டம்! டெர்மினல் எழுத்தைச் சேர்த்து வரையும்போது தன் கணக்கை வைத்துக்கொள்கிறது, டெர்மினலுக்கு டெர்மினல் அது மாறுகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நீண்ட தமிழ் வரி திரை ஓரத்துக்கு முன்பே மடியும், அல்லது ஓரத்தைத் தாண்டி வழிந்து அடுத்த வரியைக் கெடுக்கும். யார் பக்கம் தவறு என்று பிரித்துப் பார்க்க, "தீ" மட்டும் இருபது முறை ஒரு வரி, "தி" மட்டும் இருபது முறை ஒரு வரி, கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு என்று சின்ன ஃபைல் ஒன்று எழுதிக்கொண்டேன். முதலில் கேட் கட்டளையில் ஓட்டிக் கோடுகள் எந்தக் கட்டத்தில் விழுகின்றன என்று குறித்துக்கொண்டு, பிறகு டெர்மினலின் அகலத்தைக் குறைத்தபடி லெஸ்ஸில் திறந்து வரி எங்கே மடிகிறது என்று பார்த்தால் இருவர் கணக்கும் எங்கே பிரிகிறது என்பது பளிச்சென்று தெரியும். புதிய பதிப்புகளில் லெஸ்யுடிஎஃப்சார்டெஃப் என்ற வேரியபிள் வழியாக, குறிப்பிட்ட எழுத்துகளை எந்த வகையில் சேர்க்க வேண்டும் என்று நாமே சொல்ல முடியும். உங்கள் டெர்மினல் இகரக் குறிக்குத் தனி இடம் ஒதுக்காத ரகம் என்றால் அதை அகலமில்லாத குறியாக அறிவித்துப் பாருங்கள், உகரம், ஒகரம் என்று மற்ற குறிகளையும் அதே மாதிரி சோதித்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.